மாத்தளையில் தண்ணீர் நூறு பாகையில் கொதிப்பதில்லை

மார்கழி, தை மாதங்களில், இலங்கையின் மாத்தளை மாவட்டத்து எல்கடுவைப் பக்கத்துத் தோட்ட லயன்களில் காலையில் முதல் வேலை, தேங்காயெண்ணெய்ப் போத்தலை அடுப்போரம் சாய்த்து வைப்பதுதான். இரவுக் குளிரில் எண்ணெய் வெள்ளை வெளேரென்று இறுகிப் போயிருக்கும். பொறுமையில்லாத வீடுகளில் ஈர்க்குச்சியை விட்டுக் கிளறி எடுத்துப் பிள்ளைகளின் தலையில் தேய்த்து அனுப்பிவிடுவார்கள். அதே நாள் நடுப்பகலில் மலையிறங்கித் தம்புள்ளைக்குப் போனால், கடைத் தட்டில் அதே எண்ணெய் கண்ணாடிபோல் தெளிந்து நிற்கும். நடுவில் ஏறத்தாழ அறுபது கிலோமீற்றர் பாதைதான்.

உருகுநிலை, உறைநிலை, கொதிநிலை மூன்றையும் “பொருளின் பௌதிக இயல்புகள்” என்று பள்ளிக்கூடத்தில் மனனம் செய்தவர்கள் நாம். பனிக்கட்டி 0, தண்ணீர் 100, இரும்பு 1538 என்று பொருளுக்கொரு எண். அந்த எண் உண்மையில் யாருக்குச் சொந்தம்? பொருளுக்கா, பொருள் இருக்கிற இடத்துக்கா, அதைப் பக்குவம் செய்த கைக்கா? பொருளுக்குத்தான் சொந்தம் என்பேன். ஆனால் பொருள் சுத்தமாக இருக்க வேண்டும், எந்த அமுக்கத்தில் என்றும் சொல்லியிருக்க வேண்டும். மாத்தளை மாவட்டத்தில் விளைவதும் காய்ச்சுவதும் வடிப்பதும் பெரும்பாலும் கலவைகள். கடல்மட்டத்தில் இருக்கும் ஊர் ஒன்றுகூட இங்கே இல்லை. அதனால் பாடப்புத்தகத்து எண்கள் இந்த மாவட்டத்துக்குள் வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்குகின்றன. அந்த வழுக்கலைப் பின்தொடர்வதே இந்தக் கட்டுரை.

அடிப்படையை முதலில் பேசிவிடலாம். திண்மத்தில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நின்ற இடத்திலேயே அதிர்கின்றன. வெப்பம் ஏற ஏற அதிர்வு கூடி, ஒரு கட்டத்தில் பிடி தளர்கிறது. அதுதான் உருகுதல். திரவத்தின் ஆவியமுக்கம் வெளியிலிருந்து அழுத்தும் வளியின் அமுக்கத்தை எட்டினால் கொதித்தல். பிடி தளரும் நேரத்தில் ஊட்டுகிற வெப்பம் வெப்பநிலையை உயர்த்துவதில்லை, பிடியைத் தளர்த்துவதிலேயே செலவாகிறது. இந்த மறைவெப்பத்தை ஸ்கொத்லாந்தின் ஜோசப் பிளாக் 1760களில் அளந்து சொன்னார். ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க 334 ஜூல், ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,257 ஜூல். பொஸ்டன் வணிகர் பிரெடெரிக் டியூடர் 1833இல் பனிக்கட்டியைக் கப்பலேற்றி நான்கு மாதப் பயணத்தில் கல்கத்தாவுக்குக் கொண்டுவர முடிந்ததும், பின்னர் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் எழுந்ததும் இந்த 334இன் தயவால்தான். பூச்சியத்தை எட்டிய பனிக்கட்டி உடனே உருகிவிடுவதாயிருந்தால் கப்பலில் தண்ணீர்தான் வந்து சேர்ந்திருக்கும்.

எந்தப் பொருள் எங்கே உருகும் என்பது மூலக்கூறுகள் எவ்வளவு நெருக்கமாக அடுக்கப்படும் என்பதைப் பொறுத்தது. தேங்காயெண்ணெயின் கொழுப்பமிலங்களில் சரிபாதிக்குக் கிட்ட லோரிக் அமிலம். அதன் சங்கிலி வளைவில்லாமல் நேராக நிற்பதால் விறகுக் கட்டுபோல நெருக்கமாக அடுக்கப்படும். நல்லெண்ணெயின் பெரும்பகுதியோ நடுவில் முறிந்து வளைந்த சங்கிலிகள். முள்விறகைக் கட்டிப் பார்த்தவர்களுக்கு அது ஏன் நெருங்காது என்று தெரியும். ஆகவேதான் தேங்காயெண்ணெய் 24, 25 பாகை செல்சியஸ் அளவிலேயே இறுகுகிறது, பக்கத்துப் போத்தலில் உள்ள நல்லெண்ணெய் அந்தக் குளிரைச் சட்டை செய்வதில்லை. தண்ணீரின் கதை இன்னும் விசித்திரம். அதைவிடக் கனமான மூலக்கூறுள்ள ஐதரசன் சல்பைட் மறை 60 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. தண்ணீர் மூலக்கூறுகள் ஐதரசன் பிணைப்பால் கைகோத்து நிற்பதால்தான் அது நம் வெப்பநிலையில் திரவமாகக் கிடைக்கிறது.

எல்கடுவைப் போத்தலில் இன்னொரு செய்தியும் உண்டு. எண்ணெய் ஒரே கணத்தில் இறுகுவதில்லை. முதலில் அடியில் வெண்புகைபோல ஒரு கலங்கல், பிறகு குழைவு, பிறகுதான் கட்டி. பல கொழுப்புகளின் கலவை என்பதால் அதற்கு இருப்பது உருகு வீச்சு. சுத்தமான பொருள் ஒரே புள்ளியில், ஒரு பாகைக்குள் உருகிவிடும். மாசு சேர்ந்தால் புள்ளி கீழிறங்கி அகலமாகும். பிரெஞ்சு இரசாயனவியலாளர் செவ்ரேல் 1823இல் கொழுப்புகளைப் பற்றி எழுதிய நூலில் உருகுநிலையைத் தூய்மையின் சாட்சியாகப் பயன்படுத்தினார். இன்றுவரை இரசாயன ஆய்வுகூடங்களில் நுண்குழாயில் சிட்டிகைத் தூளை அடைத்துச் சூடாக்கிப் பார்க்கிறார்கள். மாத்தளை மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரினை டென்மார்க்கின் ஏர்ஸ்டெட் 1819இல் பிரித்தெடுத்தார். மின்னோட்டத்துக்கும் காந்தத்துக்கும் உறவு கண்டவரும் அவர்தான். சுத்தமான பைப்பரின் 130 பாகை அளவில் உருகும். சாதிக்காயிலிருந்து எடுக்கும் திரைமிரிஸ்டின் 56, 57இல் உருகும். பல்கலைக்கழக மாணவர்கள் சாதிக்காய்த் தூளிலிருந்து இதைப் பிரித்து உருகுநிலை பார்ப்பது உலகெங்கும் வழக்கமான ஒரு செய்முறை. சாதிக்காய் விளைகிற மாத்தளையில் எத்தனை பாடசாலைகள் இதைச் செய்து பார்க்கின்றன என்று கேட்கத் தோன்றுகிறது.

இனித் தண்ணீர். அண்டர்ஸ் செல்சியஸ் 1742இல் தன் அளவுகோலை வகுத்தபோது கொதிநிலைக்கு 0, உறைநிலைக்கு 100 என்று தலைகீழாகத்தான் வைத்தார். அவர் காலத்துக்குப் பிறகு அது திருப்பப்பட்டது. பனிக்கட்டி உருகும் புள்ளி ஊருக்கு ஊர் மாறாது, கொதிக்கும் புள்ளியோ வளியமுக்கத்தோடு மாறும் என்பதை அவர் அறிந்திருந்தார். அவருக்கு முன்பே பாரன்ஹைட்டும் அதைக் கண்டிருந்தார். ஆக, “நூறு” பிறந்த அன்றே ஒரு நிபந்தனையோடுதான் பிறந்தது. பாடப்புத்தகங்கள் எண்ணை வைத்துக்கொண்டு நிபந்தனையைக் கைவிட்டுவிட்டன.

நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஒருமுறை தண்ணீரைக் கொதிக்கவைத்து வெப்பமானியைப் பார்த்தோம். இரசம் 99ஐத் தொடாமல் நின்றது. அடுப்பைக் கூட்டினோம், தண்ணீர் குதித்தது, இரசம் அசையவில்லை. “வெப்பமானி பழுது, நூறு என்று எழுதுங்கள்” என்றார் ஆசிரியர். எழுதினோம். புள்ளியும் கிடைத்தது. பிற்காலத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் வெப்பமானி குற்றமற்றது என்று தெரிந்தது. மாத்தளை நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 360 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு 300 மீற்றருக்கும் கொதிநிலை சுமார் ஒரு பாகை குறையும். ஆகவே இங்கே தண்ணீர் கொதிப்பது 98.8 அளவில். நக்கிள்ஸ் மலைத்தொடரின் மிக உயர்ந்த சிகரமான கொம்பானிய 1,906 மீற்றர். அங்கே அடுப்பு மூட்டினால் 94ஐ ஒட்டிக் கொதித்துவிடும்.

கொதித்துவிட்டதே, வெந்துவிடும் என்று நினைப்பதுதான் மலையேறிகள் செய்யும் தவறு. வேகவைப்பது வெப்பநிலை, குமிழி அல்ல. சார்ள்ஸ் டார்வின் 1835இல் அந்தீஸ் மலையைக் கடந்தபோது இரவெல்லாம் கொதித்த உருளைக்கிழங்கு விடிந்தும் வேகவில்லை. கூட வந்தவர்கள் புதுப்பானையின் மேல் பழியைப் போட்டார்கள். பிரஷர் குக்கர் எதிர்த்திசையில் வேலை செய்கிறது. உள்ளே அமுக்கத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்கி 120 பாகைவரை கொண்டுபோகிறது. மலைநாட்டு வீடுகளில் பருப்புக்கு அது ஆடம்பரம் இல்லை.

இன்னும் ஒரு வேடிக்கை. கடல்மட்டத்தில்கூடத் தண்ணீர் துல்லியமாக நூறில் கொதிப்பதில்லை. இன்றைய அளவீட்டில் வழமையான ஒரு வளிமண்டல அமுக்கத்தில் அது 99.97. சர்வதேச இரசாயன ஒன்றியம் 1982இல் நியம அமுக்கத்தை ஒரு பார் என்று சற்றே குறைத்தது. அந்தக் கணக்கில் 99.6. கெல்வின் அலகுகூட 2019 மே 20 முதல் தண்ணீரை விட்டுவிட்டு போல்ட்ஸ்மன் மாறிலியைப் பிடித்துக்கொண்டது. வெப்பநிலைக்கு அளவுகோலாக இருந்த தண்ணீர் இப்போது மற்றப் பொருள்களைப்போல அளக்கப்படும் ஒரு பொருள், அவ்வளவே.

தண்ணீரில் எதையாவது கரைத்தால் கொதிநிலை ஏறும், உறைநிலை இறங்கும். நக்கிள்ஸ் அடிவாரக் கிராமங்களில் கித்துள் பாணி காய்ச்சுகிறவர்கள் அன்றாடம் ஏறுகிற படிக்கட்டு இது. தெளிவான பதநீர் ஏறத்தாழ தண்ணீரைப்போலவே கொதிக்கத் தொடங்கும். தண்ணீர் வற்ற வற்றச் சீனியின் செறிவு கூடும், கொதிநிலையும் கூடவே ஏறும். கடல்மட்டக் கணக்கில் சீனி பாதிக்குப் பாதி ஆகும்போது 102, எண்பது வீதத்தில் 112, தொண்ணூறைத் தாண்டினால் 130. பாணியாக இறக்குவதும் கருப்பட்டியாகச் சிரட்டையில் வார்ப்பதும் இந்தப் படிக்கட்டின் வேறு வேறு படிகள். கடைசிப் படிகள் மிகச் செங்குத்தானவை. கொஞ்சம் கவனம் பிசகினால் கருகிவிடும்.

வெளிநாட்டுச் சமையல் நூல்கள் இதற்கு வெப்பமானி வைக்கச் சொல்கின்றன. நம் வீடுகளில் ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டுக் கம்பிப் பதமா, உருட்டுப் பதமா என்று விரலால் பார்ப்பார்கள். இதில் எது நம்பகமானது? நான் விரலின் பக்கம். கடல்மட்டத்துக்கு எழுதிய வெப்பநிலையை மாத்தளையில் அப்படியே பின்பற்றினால் பாகு ஒரு பாகையளவு மிஞ்சிவிடும், மலையேறி ரத்தோட்டைக்கு மேலே போனால் இரண்டு மூன்று பாகை. தண்ணீரில் விட்ட சொட்டோ சீனியின் செறிவை நேரடியாகக் காட்டுகிறது. அதற்கு மலையும் தெரியாது, கடலும் தெரியாது.

ஏ-9 வீதியோரம் உல்லாசப் பயணிகளுக்காகத் திறந்திருக்கும் வாசனைத் திரவியத் தோட்டங்களில் கறுவா எண்ணெய், கராம்பு எண்ணெய் என்று சிறு சிறு போத்தல்கள் வரிசையாக இருக்கும். கறுவா இலை எண்ணெயிலும் கராம்பு எண்ணெயிலும் பெரும்பகுதி யூஜினோல். அதன் கொதிநிலை 254 பாகை. அந்தச் சூட்டில் வைத்தால் மணம் கெட்டுப்போகும். ஆனால் எண்ணெய் வடிப்பவர் இலையை நிரப்பி நீராவியைச் செலுத்தினால், தண்ணீரின் கொதிநிலைக்கும் கீழே எண்ணெய் ஆவியாகி வந்துவிடுகிறது. 254இல் கொதிக்க வேண்டியது 99க்குள் எப்படி வந்தது?

இங்கேதான் கொதிநிலையின் வரைவிலக்கணம் கைகொடுக்கிறது. கொதிப்பதற்குத் தேவை ஆவியமுக்கம் வெளியமுக்கத்தை எட்டுவது. தண்ணீரும் எண்ணெயும் ஒன்றோடொன்று கலப்பதில்லை, ஆகவே இரண்டும் தத்தம் ஆவியமுக்கத்தை முழுமையாகச் செலுத்துகின்றன. கூட்டுத்தொகைதான் கணக்கு. பெரும்பங்கைத் தண்ணீர் கொடுத்துவிட, மீதிச் சொற்பத்தை யூஜினோல் போட்டால் போதும். சந்தைக்குப் போகும் லொறியில் பெரிய மூட்டைக்காரன் வாடகையில் பெரும்பங்கைக் கொடுக்க, சின்ன மூட்டைக்காரனும் சில்லறையைக் கொடுத்து ஏறிக்கொள்வதுபோல. அதனால்தான் இந்த முறையில் நீர் நிறைய வந்து எண்ணெய் கொஞ்சமாக வருகிறது. கறுவாப் பட்டையின் மணத்துக்குரிய சின்னமல்டிகைட்டும் 250 பாகைக்குக் கிட்டக் கொதிக்கும் பொருள்தான். அதுவும் இதே லொறியில்தான் வருகிறது.

இதுவரை சொன்னவற்றில் மாசும் அமுக்கமும் எண்ணை மாற்றின. கொக்கோ இன்னும் ஒரு படி மேலே போகிறது. மாத்தளை இலங்கையின் முக்கிய கொக்கோ மாவட்டங்களில் ஒன்று. மிளகுக் கொடிக்கும் சாதிக்காய் மரத்துக்கும் இடையே தண்டிலேயே காய் தொங்கும் கொக்கோ மரத்தை இங்கே வீட்டுத் தோட்டத்திலும் காணலாம். அதன் விதையிலிருந்து வரும் கொக்கோ வெண்ணெய், சேர்மானம் சிறிதும் மாறாமலே, ஆறு வெவ்வேறு வெப்பநிலைகளில் உருகக்கூடியது. வில், லட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 1966இல் இந்த ஆறு பளிங்கு வடிவங்களையும் வரிசைப்படுத்தினார்கள். முதல் வடிவம் 17 பாகையை ஒட்டி உருகும், ஆறாவது 36ஐ ஒட்டி. சொக்கலேட்காரர்களுக்கு வேண்டியது ஐந்தாவது. 34 பாகை அளவில் உருகும் அது, நம் உடலின் 37க்குச் சற்றே கீழே. கையில் உறுதியாக நின்று நாக்கில் கரைவதன் இரகசியம் அந்த இடைவெளிதான்.

அந்த ஐந்தாம் வடிவம் தானாக வருவதில்லை. உருக்கிய சொக்கலேட்டை 27 பாகை அளவுக்குக் குளிர்வித்து, மறுபடி 31, 32க்கு உயர்த்தி, கிளறிக்கொண்டே இருந்து, வேண்டாத பளிங்குகளை உருக்கி ஓட்டிவிட்டு, வேண்டியதை மட்டும் விதையாக நிறுத்த வேண்டும். தம்புள்ளையில் பகல் பேருந்தில் பையில் வைத்த சொக்கலேட் உருகி, மாலையில் தானாக இறுகினால், அந்தப் பக்குவம் எல்லாம் போய்விடும். மேலே சாம்பல் பூத்தாற்போல வெண்படலம் படரும். பூஞ்சணம் என்று எறிந்துவிடுகிறார்கள். அது கொழுப்பு இடம்பெயர்ந்து வேறு பளிங்காக அமர்ந்த கோலம், தின்றால் எதுவும் ஆகாது. இங்கே கேளுங்கள்: கொக்கோ வெண்ணெயின் உருகுநிலை என்ன? “எப்படி ஆறவைத்தீர்கள்?” என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. பொருளின் இயல்புக்குள் பொருளின் வரலாறும் அடங்கியிருக்கிறது.

ஹபுவித கிராமத்து அரக்கு வேலைக்காரர்களிடம் போனால், புள்ளியே கிடையாது. மாத்தளை மாவட்டத்தின் பெயர்பெற்ற கைவினை இது. நிறம் சேர்த்த அரக்கைத் தணலில் காட்டி இளக்கி, நூல்போல இழுத்து, மரப்பிடியில் சுற்றிப் பெருவிரல் நகத்தால் கிள்ளி அழுத்திக் கோலம் அமைப்பார்கள். நகத்தால் செய்வதால் சிங்களத்தில் நியபொத்து வேலை. அரக்கு பல பிசின்களின் கலவை. பளிங்காக அடுக்கப்படாதது. எழுபது பாகை அளவில் இளகத் தொடங்கி மெல்ல மெல்ல ஓடும் பதத்துக்கு வருகிறது. எங்கே உருகியது என்று கோடு கிழிக்க முடியாது. அந்தக் கோடில்லாத இடைவெளியில்தான் முழுக் கைவினையும் நடக்கிறது. கூர்மையான உருகுநிலை இருந்திருந்தால் நகத்துக்கு வேலையே இருந்திராது. கூடுதலாகச் சூடுபட்டால் அரக்கின் மூலக்கூறுகள் தமக்குள் பிணைந்துகொண்டு, மறுபடி எவ்வளவு காய்ச்சினாலும் இளகாது.

ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் அரக்கு வேலையும் இரும்பு, உருக்குத் தொழிலும் இடம்பெறுகின்றன. கலை விமர்சகர் என்றே பலர் அறிந்த அவர், இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுத் திணைக்களத்தின் முதல் பணிப்பாளராக இருந்தவர். அவர் இலங்கையில் கண்டெடுத்து 1904இல் உலகறிந்த தோரியனைற்று என்ற கனிமம் பெரும்பாலும் தோரியம் ஒட்சைட்டு. 3,300 பாகையைத் தாண்டி உருகும் அதுதான் ஒட்சைட்டுகளில் மிக உயர்ந்த உருகுநிலை கொண்டது. பெற்றோமக்ஸ் விளக்கின் திரியில் எரிந்தும் எரியாமல் ஒளிவிட்டது இதே ஒட்சைட்டுதான்.

சிகிரியாவைச் சுற்றிய நிலம் இரும்பின் பாடத்தைச் சொல்கிறது. அலகொளவெவவை அண்டிய தெஹிகஹ-அல-கந்தவில் அகழ்ந்தபோது இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான இரும்பு உலைகள் வெளிப்பட்டன. சிகிரியாக் கோட்டை எழுவதற்கு நூற்றாண்டுகள் முந்தியவை. சுத்த இரும்பு 1538 பாகையில் உருகும். கரியும் காற்றும் கொண்ட அந்த உலைகளுக்கு அவ்வளவு சூடு எட்டாது. அப்படியானால் இரும்பு எடுத்தது எப்படி? உருகியது இரும்பு அல்ல, கிட்டம். தாதுவிலுள்ள மண்ணும் கல்லும் இரும்பு ஒட்சைட்டோடு சேர்ந்து 1200 பாகையை ஒட்டியே உருகி வழிந்துவிடும். இரும்பு கடற்பஞ்சுபோலத் திண்மமாகவே உலைக்குள் தங்கும். அதைச் சம்மட்டியால் அடித்துக் கிட்டத்தைப் பிழிந்தெடுப்பார்கள். இரண்டு உருகுநிலைகளின் இடைவெளியில் நடந்த தொழில் அது. இரும்பையே உருக்க வேண்டுமானால் அதற்குக் காபன் ஊட்ட வேண்டும். 4.3 வீதக் காபன் சேர்ந்தால் உருகுநிலை 1147க்கு இறங்கிவிடும். மூசைக்குள் இரும்போடு மரத்துண்டும் இலையும் வைத்து மூடிக் காய்ச்சியதன் பொருள் இதுதான். அப்படி உருகிக் கிடைத்ததற்குத் தமிழ் வைத்த பெயர் உருக்கு. பெயரே செய்முறையைச் சொல்லிவிடுகிறது.

உருகவே உருகாத பொருள்களும் உண்டு. சூளையில் சுடும் சுண்ணாம்புக் கல் உருகுமுன்பே காபனீரொட்சைட்டை விட்டுவிட்டு வேறு பொருளாகிவிடும். விறகும் அப்படியே. மாத்தளை முத்துமாரியம்மன் தேர்த் திருவிழாவில் ஏற்றும் கற்பூரத்துக்கு 175 பாகையைத் தாண்டி ஓர் உருகுநிலை இருந்தாலும், டப்பாவுக்குள் அது திரவமாகாமலே ஆவியாகிக் கரைந்துபோகும். நாலு மிளகு போட்டு வைத்தால் கரையாது என்பார்கள் பாட்டிமார். மிளகைவிட இறுக்கமான மூடியின் மேல்தான் எனக்கு நம்பிக்கை.

விஞ்ஞான ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். எல்கடுவையிலும் ரத்தோட்டையிலும் தண்ணீர் காய்ச்சும் அன்று, கரும்பலகையில் முதலில் பள்ளிக்கூடத்தின் உயரத்தையும் அன்றைய வளியமுக்கத்தையும் எழுதிவிடுங்கள். கொதிநிலையை அதன் பக்கத்தில், கண்டபடியே, பிள்ளைகள் எழுதட்டும்.